நீர்ச்சாயம்

எனக்குத் தமிழ்த் திமிர் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பிறமொழிச் சொல் எதையாவது கட்டுரையில் கண்டால் அதன் கீழே சிவப்பு மையால் ஒரு கோட்டை நெளிய விடுவார். அந்தக் கோட்டுக்குப் பயந்தே நான் தமிழ் படித்தேன். படித்துக் கரையேறிய பிறகு டீச்சரையும் மிஞ்சிவிட்டேன். பஸ்ஸைப் பேருந்து என்றும் டெலிபோனைத் தொலைபேசி என்றும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு கண்டி டவுனில் திரிந்தவள் நான்.

கண்டிக் குளத்துக்குப் பின்னால், மேட்டில், ஒரு சமூக மண்டபம் இருந்தது. அங்கே எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தபோது அந்தத் திமிர் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. அந்தக் காரியாலயத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் இருப்பவர்கள் நான் யாழ்ப்பாணமா என்று கேட்பார்கள். ஓம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன், சிரித்து வைப்பேன். உண்மையில் நான் பிறந்தது பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்ட பிறகு, பிலிமத்தலாவை டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் நான் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறையில் என்னோடு இருந்தார். காரியாலயத்தில் இது எவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறைத்தேன் என்பதுதான் சரியான சொல்.

மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு முறை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் சித்திர, கவிதைக் கண்காட்சி நடக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் ஒரு படம் வரைந்து, அதற்கு நாலைந்து வரியில் ஒரு கவிதையும் எழுதி அனுப்ப வேண்டும். கவிதை படத்துக்குக் கீழே தொங்கும். பெரிய சுவர் ஒன்று, அதற்கு எதிரே குளத்தைப் பார்த்த ஜன்னல்கள். காலை வெளிச்சம் அந்தச் சுவரில் விழும்போது எந்தப் பிள்ளையின் கிறுக்கலும் அழகாகத்தான் இருக்கும். கண்காட்சிக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்களச் சித்திர ஆசிரியர். உயரமான மனிதர், பேச்சு குறைவு, விதி என்றால் விதி. நாங்கள் எல்லோரும் அவரை சேர் என்போம்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் சேரிடம் ஒரு யோசனை சொன்னேன். டவுன் பள்ளிக்கூடங்களுக்கே எத்தனை காலம் அனுப்பிக்கொண்டிருப்பது, சுற்றியுள்ள தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் கண்காட்சி அறிவிப்புச் சுற்றுநிருபம் போகட்டும் என்றேன். ஏதோ நான் அவர்களுக்கு வரம் கொடுக்கிற மாதிரியான தோரணையில்தான் சொன்னேன் என்று இப்போது நினைக்கையில் சிரிப்பு வருகிறது. சேர் உடனே சம்மதித்தார். சுற்றுநிருபத்தைச் சிங்களத்தில் அவரே எழுதித் தந்தார். அதைத் தமிழாக்குவது என் வேலை.

சிங்களத்தில் ஒரு வரி, படங்கள் 'திய சாயம்' கொண்டு மட்டுமே வரையப்பட வேண்டும் என்று இருந்தது. திய என்றால் தண்ணீர். சாயம் என்றால் பூசுகிற வர்ணம். பிள்ளைகள் பெஸ்டல் வர்ணக் கட்டியைத் தேய்த்துக் கையையும் சுவரையும் நாசமாக்குகிறார்கள் என்று சேருக்கு அந்த வருடம் ஒரு கோபம், அதனால் வந்த விதி. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு நீர்வர்ணம் என்று இருக்கிறது. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அறிந்த சொல். ஆனால் வர்ணம் வடமொழியல்லவா? சிங்களக்காரரே சாயம் என்று எழுதியிருக்கும்போது நான் வடமொழியில் எழுதுவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நீர்ச்சாயம்' என்று எழுதினேன். ச் போட்டு, சந்தி பிசகாமல். 'படங்கள் நீர்ச்சாயத்தில் மட்டுமே வரையப்படல் வேண்டும். வேறெதுவும் பயன்படுத்தலாகாது.' கணினி வந்த புதிது, அதில் தமிழ் எழுத்து இல்லை. என் கையெழுத்திலேயே எழுதி, பிரதி எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் மூன்று முறை வாசித்து ரசித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று காலையில்கூட அம்மா ஒரு கோப்பையை என் முன்னால் வைத்து, சாயம் ஆறுது, குடிச்சிட்டு எழுந்திரு என்று விரட்டியிருந்தார். மலையகத்தில் எங்களுக்குச் சாயம் என்றால் தேநீர். பால் விடாத தேநீர். பிறந்ததிலிருந்து தினமும் குடித்துவந்த ஒன்று. பேனாவைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

படங்கள் வரத் தொடங்கின. கண்டிப் பள்ளிக்கூடங்களிலிருந்து பெரிய உறைகளில் வந்தன. திகனையிலிருந்து ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடம் இருபது படம் அனுப்பியது. எல்லாம் பச்சை, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறித்தன. தோட்டப் பள்ளிக்கூடங்களிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. கடைசி நாள் மத்தியானம், மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்போம், ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். நானாவுக்கும் சொந்த ஊர் திகனைதான். தெல்தெனிய பஸ் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் பையை மோந்து பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சி, இதுல தேயில வாசம் அடிக்கிது. எறும்பும் ஈக்கிது."

பையைப் பிரித்தால் பதினான்கு தாள்கள். தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை. பதினான்கும் பழுப்பு. பழுப்பைத் தவிர மருந்துக்குக்கூட வேறு நிறம் இல்லை. தாள்கள் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எறும்பு அந்த இரண்டில்தான்.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எனக்கு அது சீக்கிரம் ஏறும். இந்தத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புவோம் என்று சேரிடம் சொன்னவள் நான். நாளைக்கு சேர் வந்து பார்ப்பார். இதுவா உங்கள் பிள்ளைகளின் வேலை என்று அவர் கேட்க மாட்டார், ஆனால் பார்ப்பார், அது போதும். என்ன அலட்சியம், வாசிக்கத் தெரியாதா, தேயிலைத் தண்ணீரை ஊற்றி விளையாடிவிட்டுப் படம் என்று அனுப்புகிறார்களா என்று நானாவிடம் கத்தினேன். அவர் பைக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதியது.

அந்தக் கடிதம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளில் வர்ணப் பெட்டி உள்ளவர்கள் யாரும் இல்லை, அதனால் எந்தச் சித்திரப் போட்டிக்கும் நாங்கள் அனுப்புவதில்லை. இம்முறை சாயத்தில் வரைய வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியதும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் நிலைமையை அறிந்து இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. கடுஞ்சாயமும் தண்ணீர் கூட்டிய நீர்ச்சாயமும் தனித்தனியாக ஊற்றி வைத்துக்கொண்டு வரைந்தோம். விதியில் சொன்னபடி வேறெதுவும் சேர்க்கவில்லை. இரண்டு பிள்ளைகள் மட்டும் வீட்டில் சீனி போட்ட சாயத்தில் வரைந்துவிட்டார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளவும்.

வாசித்து முடித்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் செய்த தப்புக்காக அல்ல, அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. யாரோ ஒருவர் கண்டியில் உட்கார்ந்துகொண்டு, வர்ணப் பெட்டி இல்லாத பிள்ளைகளை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று அந்த டீச்சர் நம்பிவிட்டார். அப்படி யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் வடமொழியைத்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் விளங்காமல் முழித்தார். சாயத்தில் வரையச் சொன்னாய், சாயத்தில் வரைந்திருக்கிறார்கள், அதில் என்ன குழப்பம் என்றார். நான் விளக்கமாகச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிறகு ஒன்று கேட்டார்.

"படம் நல்லாருக்கா?"

நான் நிறத்தைப் பார்த்தேன், எறும்பைப் பார்த்தேன், கடிதத்தைப் பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், நானாவை மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, பதினான்கு தாள்களையும் ஜன்னலோரம் தரையில் வரிசையாக விரித்தேன். ஒட்டியிருந்த இரண்டையும் நானா ஈரத்துணி வைத்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். கொடுத்திருந்த தலைப்பு 'எங்கள் வீடு'. டவுன் பிள்ளைகள் எல்லோரும் சிவப்புக் கூரை, வேலி, வாசலில் பூச்செடி, மூலையில் சூரியன் என்று வரைந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டில் வேலியும் இல்லை, பூச்செடியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இங்கே தரையில் இருந்தவை வேறு. ஒரு படத்தில் நீளமான லயம், அதன் தகரக் கூரையில் ஒவ்வொரு நெளிவும் எண்ணி வரைந்தது. ஒரு படத்தில் அடுப்புப் புகை, தண்ணீர் கூடிய சாயத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. இன்னொன்றில் ஒரு அறைக்குள் ஐந்து சட்டி. அதன் கீழே ஒரு பிள்ளை எழுதியிருந்தது:

*மழ வந்தா எங்க வீட்டுக்குள்ள*
*அஞ்சு சட்டி வைப்போம்*
*அஞ்சும் அஞ்சு சத்தம் போடும்*
*நாங்க படுத்துக்கிட்டு கேப்போம்.*

அதை நான் நின்றபடியே நாலு தடவை வாசித்தேன். நானாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தன் சின்ன வயது வீட்டில் ஏழு சட்டி இருந்ததாக அவர் சொன்னார்.

கடைசிப் படத்தில் வீடே இல்லை. ஒரு கை மட்டும் இருந்தது. தாள் நிறைய, விரல்களை விரித்துவைத்த ஒரு பெண்ணின் கை. உள்ளங்கை வெளிர்ப் பழுப்பு. விரல் நுனிகளும் கட்டைவிரலின் ஓரமும் கடுஞ்சாயத்தை மேல்மேலாகப் பூசிக் கறுத்திருந்தன. கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரலில் ஏறுகிற கறை அது. அந்தக் கறை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் அதே இடத்தில்தான். வேலையை விட்டு எத்தனையோ வருடம் கழித்தும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை வரைந்தது. கவிதை இது:

*அம்மா கையில கறை*
*சவுக்காரம் போட்டாலும் போகல.*
*சாயத்துல வரைஞ்சேன்*
*அதே நெறம் வந்திருச்சி.*
*இந்தக் கைதான் எங்க வீடு.*

எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பெருமை, என் சொந்தத் தங்கச்சி பரிசு வாங்கின மாதிரி. இந்தப் பதினான்கும் சுவரில் ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

பத்து மணிக்குக் குழு கூடியது. சேர் படங்களைப் பார்த்துவிட்டு, பாவம், ஆனால் விதி விதிதான் என்று சிங்களத்தில் சொன்னார். தண்ணீர் வர்ணம் என்று தெளிவாக எழுதியிருக்கிறோம், மற்றப் பள்ளிக்கூடங்கள் அதற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன, இதை மாட்டினால் அவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். வெயில் பட்டு நிறம் வெளுத்துவிடும் என்பதும் அவர் கவலை. குழுவில் இருந்த ஒரு பெண்மணி, எறும்பு மற்றப் படங்களுக்கும் போகுமே என்றார். வேண்டுமானால் மாடிப்படிக்குக் கீழே தனியாக வைத்து, பின்தங்கிய பிள்ளைகளின் சிறப்பு முயற்சி என்று ஒரு பலகை போடலாம் என்றும் அவரே சொன்னார். நல்ல மனதோடு சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் குறிப்பு எழுதுவது மட்டும்தான் என் வேலை. பேசுகிற வழக்கம் இல்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

"சேர், தமிழ்க் கடிதத்தில் எழுதியிருக்கிறபடி வரைந்தது இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். கட்டுப்படாதது மற்றவைதான்."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றுநிருபத்தின் தமிழ்ப் பிரதியைக் காட்டி, இந்த இடத்தில் இருப்பது நீர்ச்சாயம் என்று வாசித்தேன். அதுதானே, திய சாயம், நான் எழுதியதும் அதுதானே என்றார். சொல் ஒன்றுதான், ஆனால் சிங்களத்தில் சாயம் பூசுவது, தோட்டத்தில் சாயம் குடிப்பது என்றேன். அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரியான எனக்குத் தோட்டத்துப் பேச்சு எப்படித் தெரியும் என்று கேட்டார். எட்டு வருடமாக அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நான் யாழ்ப்பாணம் இல்லை, சேர். லயத்தில் பிறந்தவள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். இன்று காலையிலும் அவர் கையால் சாயம் குடித்துவிட்டுத்தான் வந்தேன்."

சொல்லி முடித்தேன். வானம் இடிந்து விழவில்லை. இதைச் சொல்லவா எட்டு வருடம் பயந்தேன் என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வேகத்தில் டீச்சரின் கடிதத்தையும் எடுத்து, வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். எங்கள் நிலைமையை அறிந்து என்கிற இடத்தை இரண்டு தடவை சொன்னேன். சேர் எழுந்து போய் அந்தக் கைப் படத்துக்கு முன்னால் குனிந்தார். பிறகு, அந்த வயதில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் நுனியில் எத்தனை பூச்சு இருக்கிறது என்று எண்ணினார். ஒவ்வொரு பூச்சும் காயும் வரை அந்தப் பிள்ளை பொறுமையாக இருந்திருக்கிறது, அதனால்தான் ஓரம் கலங்கவில்லை, ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு இருட்டும் வெளிச்சமும் காட்டியிருக்கிறது, இதை நான் பெரிய வகுப்புக்காரர்களுக்கே சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினேன் என்றார். கவிதையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பிறகு எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே எதுவும் வேண்டாம், எல்லாம் சுவருக்கே போகட்டும் என்றார். வெயில் நேராகப் படாத பக்கமாக, மற்றப் படங்களோடு கலந்து மாட்டச் சொன்னார். எறும்பை நானா பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு படங்களுக்கும் கீழே, சுவரோரம், தினமும் காலையில் மஞ்சள் தூளால் ஒரு கோடு போட்டுவைத்தார். வந்தவர்களில் சிலர் அதையும் ஏதோ அலங்காரம் என்று நினைத்தார்கள்.

திறப்பு நாளன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மண்டபத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சேர் எதிரே வந்து, இரண்டு கையையும் கூப்பி அவரை வரவேற்றார். அம்மா கூச்சத்தில் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். கைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டைவிரல் அப்படியே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பதினொரு மணியளவில் தோட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். விடியற்காலையில் தோட்டத்து லொறியில் தெல்தெனிய வரை இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பதினான்கு பேரும் வெள்ளை உடுப்பு, எண்ணெய் வைத்து வாரின தலை. டீச்சர் இருபத்தைந்து வயதுகூட இல்லாத பெண். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதாங்க அந்தக் கடிதம் எழுதினதா, எழுத்து முத்து முத்தா இருந்துச்சிங்க என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் உள்ளே வந்ததும் சத்தம் போட்டுக்கொண்டு சுவரை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். சுவர் முழுக்கப் பச்சையும் நீலமும் சிவப்பும். நடுநடுவே இவர்களுடைய பழுப்பு. ஒரு பிள்ளை தன் படத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் நின்றது, ஆனால் பக்கத்தில் இருந்த நீலக் குளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரின் முகம் மாறுவதைக் கண்டேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார், சுற்றுநிருபத்தில் இருந்த அந்தச் சொல் அவருக்குள் திரும்பவும் ஓடுவது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் கேட்டது அந்தக் கையை வரைந்த பிள்ளை. இரட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

"எல்லாரும் கலர்ல வரைஞ்சிருக்காங்க. நாங்க பிழையா செஞ்சிட்டோமா டீச்சர்?"

என்னைத்தான் டீச்சர் என்றது. இல்லை, உங்களுக்காகத்தான் தனியாகச் சாயம் என்று எழுதினோம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர்கள் டீச்சருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவும் பக்கத்தில் நின்றார். பொய் சொல்ல வரவில்லை. நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். எட்டு வருடமாக அந்த மண்டபத்துக்குள் பேசாத எங்கள் வீட்டுப் பேச்சில் பேசினேன்.

"நீங்க பிழையா செய்யல. நான் நெனச்சது கலர, எழுதினது சாயம்னு. எழுதினபடி செஞ்சது நீங்க மட்டுந்தான். அதுதான் இங்க இருக்கிறதிலயே நல்லாருக்கு."

பிள்ளை நம்பவில்லை. சுவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அதற்குள் அதன் படத்துக்கு முன்னால் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். சேர் அவர்களுக்குக் கவிதையைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சொன்னதை அப்படியே மனப்பாடமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். இன்னொருவர் தன் சொந்தக் கையை விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று பிள்ளை கேட்டது. உன் அம்மாவின் கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றேன். அது கொஞ்ச நேரம் நின்று கேட்டது. ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் போய், முதுகைச் சுவரில் சாய்த்து, காவல்காரர் மாதிரி விறைப்பாக நின்றுகொண்டார்கள். அவர்கள் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

புறப்படும்போது அந்தப் பிள்ளை வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தது. ஏதோ பெரிய விஷயத்தை முடிவு செய்துகொண்டு வந்த முகம்.

"அடுத்த வருசமும் அப்பிடியே எழுதுங்க டீச்சர். மாத்திறாதீங்க."

அடுத்த வருடச் சுற்றுநிருபத்தைத் தமிழில் எழுதியதும் நான்தான். சேர் தன் பிரதியில் தண்ணீர் வர்ணத்தோடு தேயிலையையும் சேர்த்து எழுதி, தமிழிலும் இரண்டையும் எழுதும்படி சொன்னார். வர்ணப் பெட்டி உள்ள பிள்ளைகளுக்காக நீர்வர்ணம் என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் 'அல்லது சாயம்' என்று எழுதி, எங்கள் வீட்டில் குடிப்பது என்று விளக்கமும் போட்டேன்.